திருவிழா மேடைப் பணியாளருக்குத் தனிப் பேச்சுத் தொடர்பு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நம் குமரி மாவட்டத்தில் எந்த ஊர்த் திருவிழாவின் கலைநிகழ்ச்சிக்குப் போனாலும் நடுவில் ஒலிபெருக்கியில் ஒரு குரல் வரும்: "லைட் போடும் அண்ணாச்சி எங்கிருந்தாலும் உடனே மேடைக்குப் பின்னால் வரவும்." சற்று நேரம் கழித்து இன்னொரு குரல், ஜெனரேட்டர் பக்கம் நிற்பவரைத் தேடும். கூட்டத்தில் அமர்ந்திருப்பவர்கள் இதைப் பழகிப்போன இடையூறாக எடுத்துக்கொண்டு மேற்கொண்டு நாடகத்தைக் கவனிக்கிறார்கள். மேடை வேலை பார்க்கும் எங்களுக்கு அந்த அறிவிப்பு வேறொன்றைச் சொல்கிறது. தலைக்கு மேல் பல நூறு கிலோ எடையைத் தூக்கி வைத்துக்கொண்டு வேலை செய்யும் பதினைந்து இருபது பேருக்கு ஒருவரோடு ஒருவர் பேச வழி இல்லை என்பதே அதன் பொருள்.

நான் குளச்சல் பகுதியைச் சேர்ந்தவன். 22 ஆண்டுகளாக மேடை வேலை செய்கிறேன். மைக்செட் பெட்டி சுமப்பதில் தொடங்கி, இப்போது நேரலை நிகழ்ச்சிகளில் கேமராக்களைத் தேர்ந்து மாற்றும் ஸ்விட்சர் மேசையில் அமர்ந்து, எந்த நேரத்தில் எந்த விளக்கு, எந்தத் திரை, எந்தப் பாட்டு என்று மற்றவர்களுக்குச் சொல்லும் பொறுப்பைப் பார்க்கிறேன். இந்த வேலைக்கு இன்றியமையாத ஒரு கருவியைப் பற்றியும், அது ஏன் நம் விழாக்களின் செலவுக் கணக்கில் ஒருபோதும் இடம்பெறுவதில்லை என்பதைப் பற்றியும் தங்கள் நாளிதழ் வழியாக விழாக் குழுவினருக்கும் மாவட்ட நிர்வாகத்துக்கும் சொல்ல விரும்புகிறேன்.

என் தந்தையார் காலத்தில் இந்தத் தேவை இருக்கவில்லை. நாஞ்சில் நாட்டு வில்லுப்பாட்டில் குடம் அடிப்பவரும் உடுக்கை அடிப்பவரும் தாளம் போடுபவரும் தலைமைப் புலவரின் கை எட்டும் தூரத்திலேயே அமர்ந்திருப்பார்கள். அவர் வீசுகோலை உயர்த்தினால் அடுத்து என்ன என்று அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும். பங்குத் திருவிழா நாடகங்களில் சீன் இழுப்பவருக்கு ஒரு விசில், விளக்குக்காரருக்கு டார்ச் வெளிச்சத்தில் இரண்டு சிமிட்டல் என்று வைத்திருந்தார்கள். பத்து டியூப் லைட்டும் நான்கு குழாய் ஒலிபெருக்கியும் ஒரு படுதாவும் உள்ள மேடைக்கு அது போதுமானதாகவே இருந்தது.

இன்று அதே ஊரில், அதே குருசடி முற்றத்தில் அல்லது அதே கோவில் மைதானத்தில் நிற்கும் மேடை வேறு வகையானது. ட்ரஸ் எனப்படும் இரும்புக் குழாய்ச் சட்டத்தில் அசையும் விளக்குகள் தொங்குகின்றன. பின்னால் எல்.இ.டி. வால் எனப்படும் சுவர்போன்ற ஒளித்திரை நிற்கிறது. பின்னணி அமைப்புகளைச் சங்கிலி மோட்டார் ஏற்றி இறக்குகிறது. புகை இயந்திரமும் தீப்பொறி இயந்திரமும் இருக்கின்றன. விழாவின் இறுதி நாளில் வாணவேடிக்கையும் சேர்ந்துகொள்கிறது. வளைகுடா நாடுகளில் இருக்கும் சொந்தங்கள் பார்க்க வேண்டும் என்பதற்காக நான்கு ஐந்து கேமராக்களுடன் நேரலையும் நடக்கிறது. மேசையில் அமர்ந்திருக்கும் நான் மேடையிலிருந்து அறுபது எழுபது மீட்டர் தள்ளி, கூட்டத்துக்குப் பின்னால் இருக்கிறேன். சங்கிலி மோட்டாரின் பொத்தானைப் பிடித்திருப்பவர் மேடைக்குப் பின்புறம், என் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நிற்கிறார். மேடை இவ்வளவு வளர்ந்த பிறகும், அதில் வேலை செய்பவர்கள் பேசிக்கொள்ளும் வழி மட்டும் விசிலையும் டார்ச்சையும் விட்டு அதிகம் நகரவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கடற்கரை ஊரில், திருவிழாவின் கடைசி இரவில், என் கண் முன்னால் நடந்ததைச் சொல்கிறேன். நாடகத்தின் இறுதிக் காட்சியில் வானம் திறப்பதுபோல ஒரு சட்டகம் மேலிருந்து இறங்க வேண்டும். எங்களிடம் இருந்தவை ஏற்பாட்டாளர்கள் கொடுத்த வாக்கி டாக்கிகள். அதே அலைவரிசையை வாகனம் நிறுத்துமிடத்துத் தொண்டர்களும் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. சட்டகம் இறங்கத் தொடங்கிய அந்த நொடியில் மூன்றாம் கேமராவின் படத்தில், அட்டை இறகு கட்டிய சம்மனசு, அதாவது வானதூதர், வேடத்தில் ஒரு சிறு பிள்ளை, தனக்குக் குறித்த இடத்தைவிட்டு நேர் கீழே வந்து நிற்பதைப் பார்த்தேன். பொத்தானை அழுத்தி, நிறுத்து நிறுத்து என்று கத்தினேன். வாகன நிறுத்தத்தில் யாரோ தம் கருவியின் பொத்தானை அழுத்தியபடியே பேசிக்கொண்டிருந்ததால் என் குரல் ஒருவருக்கும் போய்ச் சேரவில்லை. மேடையோரம் கேமரா பிடித்திருந்த தம்பி தானாகவே பார்த்து, கேமராவைப் போட்டுவிட்டு ஓடிப் பிள்ளையை இழுத்தான். சட்டகம் இறகை முறித்துக்கொண்டு இறங்கியது. தடுக்கப் போன உதவியாளர் ஒருவரின் தோள்பட்டையில் இடித்து, அவர் ஆறு வாரம் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு இருந்தார். கூட்டத்தினர் அதையும் நாடகத்தின் பகுதி என்று நினைத்துக் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல் இன்றுவரை எனக்கு மறக்கவில்லை.

வாக்கி டாக்கியைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. 2018இல் வந்த மத்திய அரசின் விதிகளின்படி 446 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் குறைந்த திறன் கொண்ட வாக்கி டாக்கிகளை உரிமம் இல்லாமலே பயன்படுத்தலாம். கூட்டத்தை ஒழுங்குபடுத்தவும் வாகனங்களை வழிகாட்டவும் அவை மிக நல்லவை. ஆனால் அதன் இயல்பே ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் பேசுவது. ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிட முடியாது; குறுக்கிட்டாக வேண்டிய ஒரே சொல்லான 'நில்' என்பதே அங்கே வழியின்றி நின்றுவிடுகிறது. அதோடு, யார் வேண்டுமானாலும் அதே அலைவரிசையில் நுழையலாம். கைப்பேசியோ இன்னும் நம்பத் தகாதது. ஒரே மைதானத்தில் ஆயிரக்கணக்கானோர் கூடி, ஆளாளுக்குப் படம் எடுத்து அனுப்பும் இரவில் எண்ணை அழுத்தினால் மணி அடிப்பதற்கே நேரம் பிடிக்கும் என்பதைக் கோட்டாறு சவேரியார் பேராலயத் திருவிழா நாட்களில் வந்த எவரும் அறிவர்.

இதற்கென்றே உள்ள கருவியின் பெயர் பெல்ட்பேக். ஏறக்குறைய ஒரு சோப்புப் பெட்டியின் அளவுதான்; இடுப்பு வாரில் செருகிக்கொள்ளலாம். அதில் ஒரு ஹெட்செட் இணைந்திருக்கும். ஒரு காதை மூடி, மறு காதை மேடைக்காகத் திறந்து வைத்திருக்கும் ஒற்றைக் காது ஹெட்செட்டையே நான் விரும்புகிறேன். பெட்டியின் முகப்பில் பேசுவதற்கான பொத்தான்கள், ஒலியளவுத் திருகு, அழைப்பு விளக்கு ஆகியவை இருக்கும். இருட்டிலும் விரல் நுனி தடவிக் கண்டுபிடிக்கும்படி அந்தப் பொத்தான்கள் சற்றே மேடாக இருக்கும். ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு ஏணியில் ஏறியிருப்பவரை அழைக்க வேண்டுமானால், நான் அழைப்புப் பொத்தானை அழுத்தியதும் அவர் இடுப்பில் அந்த விளக்கு மின்னும். முக்கியமான வேறுபாடு என்னவென்றால், இதில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசலாம், கேட்கலாம். ஒரு திண்ணையில் அமர்ந்து பேசுவதுபோல, ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் "நில்" என்றால் அது அத்தனை காதுகளிலும் விழும்.

இது புதிதாக வந்த ஆடம்பரமும் அன்று. 1968இல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் பாப் கோஹன், சார்லி பட்டன் என்ற இருவர், ராக் இசைக் கச்சேரிகளின் பேரிரைச்சலில் பணியாளர்கள் ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்கவில்லை என்ற சிக்கலைத் தீர்க்கவே கிளியர்காம் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அவர்கள் வழியில் வந்த பழைய முறையில் நாம் மைக்குக்குப் பயன்படுத்தும் அதே மூன்று முனைக் கேபிளே போதும்: ஒரு முனை தரை இணைப்பு, இன்னொன்றில் 30 வோல்ட் டி.சி. மின்சாரம், மூன்றாவதில் எல்லோருடைய குரலும். பேட்டரி தேவையில்லை, ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்குத் தோரணம்போல இழுத்துக்கொண்டே போகலாம். எளிமையும் உறுதியும் கொண்ட அந்த முறை இன்றும் உலகெங்கும் அரங்குகளில் உழைத்துக்கொண்டிருக்கிறது. குறை ஒன்று உண்டு: ஒரு கம்பிக்கு ஒரு பேச்சு. கேமராக்காரர்களிடம் நான் சொல்வதை விளக்குக்காரரும் கேட்டாக வேண்டும், ஒலிக்காரரும் கேட்டாக வேண்டும். பிரித்துப் பேச வேண்டுமானால் தனித்தனிக் கம்பி இழுக்க வேண்டும்.

வலைப்பின்னல் வழி இயங்கும் இன்றைய பெல்ட்பேக்குகள் அந்தக் குறையைத்தான் தீர்க்கின்றன. குரல் எண்களாக மாற்றப்பட்டு, கணினிகளை இணைக்கும் சாதாரண கேட் சிக்ஸ் கேபிளில் செல்கிறது. கிளியர்காமின் ஹீலிக்ஸ்நெட், நெதர்லாந்து நாட்டின் கிரீன்கோ போன்றவை இவ்வகை. பெல்ட்பேக்குக்கான மின்சாரத்தையும் அந்தக் கேபிளே கொண்டுபோகிறது. 2003இல் வகுக்கப்பட்ட தரத்தின்படி, இந்தக் கேபிள்களை ஒன்றாக இணைக்கும் ஸ்விட்ச் என்ற பெட்டியின் ஒரு துளையிலிருந்து 15.4 வாட் வரை கொடுக்கலாம், பெல்ட்பேக்குக்கு அது தாராளம். ஒரே கம்பியில் கேமராவுக்கு ஒரு பேச்சு, விளக்குக்கு ஒன்று, ஒலிக்கு ஒன்று, மேடைக்குப் பின்னால் ஒன்று என்று பிரித்துக்கொள்ளலாம். யார் எதைக் கேட்க வேண்டும், யார் எதில் பேசலாம் என்பதை மடிக்கணினியில் அமைத்துவிட்டால் போதும். நாடகக் குழுவினருக்கு வசனத்தின் ஒலியைக் காதில் கொடுக்க வேண்டுமா, அதையும் அதே வழியில் கொடுக்கலாம்.

தூரத்தைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். இந்தக் கேபிள் ஒரு மூச்சில் 100 மீட்டர் வரை செல்லும். கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறையையும் திருவள்ளுவர் சிலையையும் இணைத்து 2024 டிசம்பரில் திறக்கப்பட்ட கண்ணாடிப் பாலத்தின் நீளம் 77 மீட்டர். அந்தப் பாலத்தின் ஒரு முனையில் நான் அமர்ந்து மறுமுனையில் இருப்பவரோடு ஒரே கேபிளில் பேசலாம் என்றால் தூரம் பிடிபடும். நம் ஊர் மைதானங்களுக்கு இது பெரும்பாலும் போதும். அதற்கு மேல் வேண்டுமானால் இடையில் ஒரு ஸ்விட்ச் வைக்கலாம், அல்லது ஒளியிழைக் கம்பி இழுக்கலாம்.

இந்த முறையில் உள்ள இடர்களையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஏனென்றால் அரைகுறையாக அறிந்து இறங்கினால் வாக்கி டாக்கியே மேல் என்று ஆகிவிடும். நாங்கள் முதன்முதலில் இந்தக் கருவிகளை வாடகைக்கு எடுத்த விழாவில், உதவிக்கு வந்த பையன் தரையில் கிடந்த ஒரு கேபிளின் இரு முனைகளையும் ஒரே ஸ்விட்சில் செருகிவிட்டான். தகவல் அந்த வளையத்துக்குள்ளேயே சுற்றிச் சுற்றிப் பெருகி, ஒரு நிமிடத்துக்குள் அத்தனை பெல்ட்பேக்குகளும் ஊமையாகிவிட்டன. தவறு அவனுடையது அன்று, என்னுடையது. வளையத்தைக் கண்டுபிடித்துத் தானே துண்டிக்கும் வசதி அந்த ஸ்விட்சில் இருந்தது. அதை இயக்கி வைக்க வேண்டும் என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. நிகழ்ச்சி தொடங்க நாற்பது நிமிடம் இருந்ததால் தப்பித்தோம். அன்றுமுதல் இண்டர்காம் எனப்படும் இந்தப் பேச்சுத் தொடர்புக்குத் தனி ஸ்விட்ச், நேரலைக்குத் தனி ஸ்விட்ச், இரண்டும் ஒன்றையொன்று தொடக் கூடாது என்று வைத்திருக்கிறோம். ஸ்விட்சுக்கு மின்சாரம் நின்றால் எல்லோர் குரலும் ஒரே நேரத்தில் நின்றுவிடும் என்பதால் அதற்கு ஒரு யு.பி.எஸ். கட்டாயம். ஜெனரேட்டர் மாற்றும் அந்தச் சில நொடிகளில்தான் பேச்சுத் தொடர்பு எல்லாவற்றிலும் அதிகமாகத் தேவைப்படும்.

நம் மாவட்டத்துக்கென்று தனிச் சிக்கல்களும் உண்டு. கடற்கரை ஊர்களில் மூன்று நாள் கிடந்த கேபிளின் செருகியில் உப்புக் காற்றால் பச்சைக் களிம்பு படிந்துவிடும். பிளாஸ்டிக் கொக்கி உள்ள சாதாரணச் செருகிகள் ஒரு விழாவுக்குக்கூடத் தாங்குவதில்லை. ஈதர்கான் எனப்படும் உலோக உறையிட்ட செருகிகளைப் போட்டு, ஒவ்வொரு நாளும் துடைத்து வைப்பதே வழி. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வீசும் காற்றை முப்பந்தல் காற்றாலைகள் அறியும். அந்தப் பக்கத்து ஊர்களில் ஆனி, ஆடி மாதங்களில் வேலை செய்தால், வாயருகே வைத்துப் பேசும், சுற்றுச் சத்தத்தை உள்ளே விடாத டைனமிக் மைக் உள்ள ஹெட்செட் இல்லாவிட்டால் காற்றிரைச்சல் மட்டுமே எல்லோர் காதிலும் விழும். தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் நமக்கு உண்டு. கோட்டாறு திருவிழா டிசம்பர் 3ஆம் நாள் நிறைவடைவது மழைக்காலத்தின் நடுவில்தான். தேர் வரும் பாதையில் கேபிளைக் குறுக்கே போடக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். தேர் வரும்போது கழற்றி, போன பின் செருகிக்கொள்ளலாம் என்று எண்ணுகிறார்கள். கழற்றிய அந்தக் கால் மணி நேரத்தில்தான் கூட்டம் நெருக்கும்.

கம்பியில்லாப் பெல்ட்பேக்குகள் வந்துவிட்டனவே என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். வந்திருக்கின்றன, நல்லவையும் இருக்கின்றன. ஜெர்மனியின் ரீடெல் நிறுவனம் 2017இல் கொண்டுவந்த பொலேரோ முதலியவை டெக்ட் எனப்படும், வீட்டுக் கம்பியில்லாத் தொலைபேசிகளுக்காக ஐரோப்பாவில் வகுக்கப்பட்ட முறையில் இயங்குகின்றன. இந்த முறை நமக்கு அந்நியமானது அன்று. 1990களில் சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கிய கார்டெக்ட் என்ற கம்பியில்லாத் தொலைபேசி அமைப்பும் இதையே அடிப்படையாகக் கொண்டது என்பதை இங்கே பெருமையோடு குறிப்பிடுகிறேன். ஆனால் ஐரோப்பாவில் இதற்கு 1880 முதல் 1900 மெகாஹெர்ட்ஸ் வரையும், அமெரிக்காவில் 1920 முதல் 1930 வரையும் ஒதுக்கியிருக்கிறார்கள். ஒரு நாட்டுக்காகச் செய்த கருவியை வெளிநாட்டிலிருந்து வருபவர் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து இங்கே இயக்குவது முறையன்று. இந்தியத் தொலைத்தொடர்புத் துறையின் அங்கீகாரம் பெற்ற கருவிதானா என்று கேட்டே வாங்க வேண்டும். நடமாடும் கேமராவுக்கும் மேடை மேலாளருக்கும் கம்பியில்லாதது வேண்டும்தான். ஆனால் சங்கிலி மோட்டார், ஜெனரேட்டர், வாணவேடிக்கை ஆகிய மூன்று இடங்களிலும் நிற்பவர்கள் நடமாடுவதில்லை. அங்கெல்லாம் கம்பியே இருக்கட்டும் என்பது என் உறுதியான கருத்து.

கையில் பணமே இல்லாத சிறு ஊர்களுக்கு, கைப்பேசியில் இயங்கும் இண்டர்காம் செயலிகளைத் தனி ரூட்டர் ஒன்றில் இணைத்துப் பயன்படுத்தும் வழி இருக்கிறது. ஒன்றுமே இல்லாததைவிட அது மேல். 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் மூன்றே. கூட்டத்தில் உள்ளவர்களின் ஹாட்ஸ்பாட்டுகள் எல்லாம் அவற்றில்தான் நெருக்கியடிக்கும் என்பதால், 5 கிகாஹெர்ட்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். அழைப்பு வந்து பேச்சை அறுத்துவிடாமல் சிம் அட்டையைக் கழற்றிவிடுங்கள்.

கருவியைவிடவும் நான் வற்புறுத்த விரும்புவது அதில் பேசும் ஒழுங்கை. ஆங்கிலத்தில் வேலை செய்யும் அரங்குகளில் 'கோ' என்ற ஒரு சொல்லைக் கேட்டால் மட்டுமே பணியாளர் கை அசைக்க வேண்டும் என்று வழக்கம் வைத்திருக்கிறார்கள். வேறு எந்தப் பேச்சிலும் அந்தச் சொல் வரக் கூடாது. நாங்கள் அதை அப்படியே தமிழாக்கி 'போ' என்று வைத்துக்கொண்டோம். ஒரு நாள் பாட்டின் ஒலியைக் குறைக்கச் சொல்லி நான் "போதும்" என்றேன். முதல் எழுத்தைக் கேட்டதுமே விளக்குத் தம்பி அடுத்த காட்சியின் விளக்கைப் போட்டுவிட்டான். 'போதும்', 'போடு', 'போகலாம்', 'போச்சு' என்று நம் பேச்சில் எத்தனை சொற்கள் அந்த ஓர் எழுத்தில் தொடங்குகின்றன என்று அன்றுதான் எண்ணிப் பார்த்தேன். இப்போது எங்கள் சொல் 'எடு'. அதைச் சொல்லும் உரிமை நிகழ்ச்சியை நடத்தும் ஒருவருக்கு மட்டுமே. 'நில்' என்பதைச் சொல்லும் உரிமையோ, கேபிள் சுருட்டும் பையன் உட்பட, ஹெட்செட் மாட்டிய எவருக்கும் உண்டு. சொன்னவரை ஏன் சொன்னாய் என்று நிகழ்ச்சி முடியும்வரை யாரும் கேட்பதில்லை. பதினேழும் பதினெட்டும் இரைச்சலில் ஒன்றுபோலவே கேட்பதால், 'ஒன்று ஏழு', 'ஒன்று எட்டு' என்று பிரித்துச் சொல்கிறோம். இவையெல்லாம் நாங்கள் அடிபட்டுக் கற்றுக்கொண்டவை. வேறு குழுக்கள் தமிழில் வேறு நல்ல சொற்களை வைத்திருந்தால் அறிய ஆவலாக இருக்கிறேன்.

சென்ற ஆண்டு ஒரு விழாவில், இறங்கிக்கொண்டிருந்த திரைக்குக் கீழே மேடை அலங்காரத் தொழிலாளி ஒருவர் விழுந்து கிடந்த பூமாலையை எடுக்கக் குனிந்தார். கேபிள் பார்த்துக்கொண்டிருந்த பதினெட்டு வயதுப் பையன், "மக்கா நில், ஆள் நிக்குது" என்றான். மோட்டார் நின்றது. நான் அப்போது கேமராக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தேன். என் பேச்சு அவன் குரலை மறைக்கவில்லை. கூட்டத்தில் யாருக்கும் எதுவும் தெரியாது.

காதுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெரிய ஒலிபெருக்கிகளின் அருகில் நிற்கும் நம் பணியாளர்கள் ஹெட்செட்டின் ஒலியை மேலும் மேலும் கூட்டிக்கொண்டே போகிறார்கள். 85 டெசிபல் சத்தத்தில் எட்டு மணி நேரம் வரை வேலை செய்யலாம், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகக் குறைய வேண்டும் என்பது அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் பரிந்துரை; அந்தக் கணக்கில் 100 டெசிபலில் கால் மணி நேரம்தான் நிற்கலாம். ஸ்பீக்கர் பக்கம் நிற்பவருக்கு மட்டும் இரண்டு காதையும் மூடும் ஹெட்செட் கொடுங்கள். என்னோடு தொழில் தொடங்கியவர்களில் இருவரிடம் இன்று நான் உரக்கப் பேச வேண்டியிருக்கிறது.

இத்தனை காலம் இதெல்லாம் இல்லாமலா திருவிழா நடந்தது என்று குழுக் கூட்டங்களில் கேட்கப்படுகிறது. நியாயமான கேள்விதான். மக்களிடம் வரி பிரித்து, மீனவரும் ரப்பர் பால் வெட்டுபவரும் தரும் பணத்தில் நடத்தும் விழாவில் ஒவ்வொரு ரூபாய்க்கும் கணக்குக் கேட்கத்தான் வேண்டும். ஆனால் எல்.இ.டி. வாலின் அளவை இரண்டு அடி கூட்டக் கேட்கும்போது அந்தக் கேள்வி எழுவதில்லை. மேடை எளிமையாக இருந்தால் விசில் போதும் என்பதை நானே ஒப்புக்கொள்கிறேன். தலைக்கு மேல் எதையாவது தொங்கவிடுவோம் என்று முடிவு செய்துவிட்டால், அதை இயக்குபவரோடு பேசும் வழிக்கும் சேர்த்தே செலவு செய்ய வேண்டும்.

ஆகவே விழாக் குழுவினருக்கு என் வேண்டுகோள்: ஒலி, ஒளி, பந்தல், நேரலை என்று தனித்தனியாக விலைப்பட்டியல் வாங்கும்போது, 'பணியாளர் பேச்சுத் தொடர்பு' என்று ஒரு வரியைச் சேர்த்துக் கேளுங்கள். ஒலிக்காரர் ஒரு நிறுவனம், விளக்குக்காரர் இன்னொரு நிறுவனம், நேரலை மூன்றாவது நிறுவனம் என்று வருவதால், இந்தச் செலவை யார் ஏற்பது என்பதிலேயே இது ஒவ்வொரு ஆண்டும் விடுபட்டுப்போகிறது. குழுவே அதைத் தனியாக வாடகைக்கு எடுத்து எல்லோருக்கும் பொதுவாகக் கொடுத்தால் சிக்கல் தீரும். விலைப்பட்டியலில் அந்த வரி இருந்தால், எங்களைப் போன்றவர்கள் அதைக் கெஞ்சிக் கேட்க வேண்டிய நிலையும் இருக்காது.

மாவட்ட நிர்வாகத்துக்கும் காவல் துறைக்கும்: ஒலிபெருக்கிக்கு அனுமதி கொடுக்கும்போது இரவு 10 மணிக் கட்டுப்பாட்டை வலியுறுத்துகிறீர்கள், அது தேவையானதே. அதேபோல, மேடையில் மோட்டாரும் தீப்பொறி இயந்திரமும் பயன்படுத்தப்படும் நிகழ்ச்சிகளில், அவற்றை உடனே நிறுத்தச் சொல்வதற்கு நம்பகமான பேச்சுத் தொடர்பு இருக்கிறதா, நிறுத்தும் அதிகாரம் பெற்றவர் யார் என்ற இரண்டு கேள்விகளை விண்ணப்பத்திலேயே சேர்க்கலாம். நாகர்கோவில் கோணத்தில் அரசு தொழிற்பயிற்சி நிலையமும் அரசு பாலிடெக்னிக் கல்லூரியும் இருக்கின்றன. கணினி வலைப்பின்னல் படிக்கும் மாணவர்களுக்கு மேடை இண்டர்காம் பற்றிய ஒரு வாரக் குறும்பயிற்சி கொடுக்க முன்வந்தால், கருவிகளோடு வந்து சொல்லிக்கொடுக்க நானும் என் நண்பர்களும் ஊதியம் இல்லாமல் வரத் தயாராக இருக்கிறோம்.

விழாக் குழுவில் இருப்பவர்கள் யாரேனும் இதை நேரில் பார்த்து முடிவு செய்ய விரும்பினால், நாங்கள் எந்த ஊரில் வேலை செய்தாலும் நிகழ்ச்சி நாளன்று மதியம் 2 மணிக்குக் கேபிள் போட்டு முடித்து, 4 மணி வரை சோதனை பார்ப்போம். அந்த நேரத்தில் மேடைக்குப் பின்னால் வந்து கேளுங்கள். ஒரு ஹெட்செட்டை உங்கள் காதில் மாட்டி, மோட்டார் பக்கத்தில் நிறுத்துகிறோம். மைதானத்தின் மறுகோடியிலிருந்து நான் பேசுகிறேன்.

இப்படிக்கு,
நேரலை மேடைப் பணியாளர் ஒருவர்,
குளச்சல், கன்னியாகுமரி மாவட்டம்.